பார்வோனுக்குப் பெயர் தேடுவதில் நேரும் தவறுகள்

எகிப்தில் அடிமைகளாக இருந்த எபிரெயரை மோசே மீட்ட கதையைச் சொல்லும் விவிலிய நூல் யாத்திராகமம். அதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை படித்தாலும் மோசே எதிர்த்து நின்ற பார்வோனின் பெயர் ஓரிடத்திலும் கிடைக்காது. எபிரெயப் பெண்களுக்குப் பேறு பார்த்த சிப்பிராள், பூவாள் என்னும் இரண்டு மருத்துவச்சிகளின் பெயர்களைச் சொல்ல மறக்காத அந்த நூல், அவர்களுக்குக் கட்டளையிட்ட அரசனைப் பட்டத்தோடு மட்டும் விட்டுவிடுகிறது. 'பெரிய வீடு' என்று அரண்மனையைக் குறித்த எகிப்தியச் சொல், நாளடைவில் அங்கே வாழ்ந்த அரசனையே குறிக்கத் தொடங்கியதால் உண்டான பட்டம் அது. இந்த இடைவெளியை நிரப்பும் ஆவலில் துத்மோஸ், அமென்ஹோடெப், ராம்செஸ், மெர்னெப்தா என்று ஒருவர் பின் ஒருவராக எகிப்திய அரசர்கள் முன்மொழியப்பட்டிருக்கிறார்கள். பார்வோனின் கனவுக்குப் பொருள் சொல்லி ஏழாண்டுப் பஞ்சத்திலிருந்து எகிப்தைக் காத்ததாக விவிலியம் சொல்லும் யோசேப்புக்கும், மோசேக்கும்கூட எகிப்தியக் கல்லறைகளிலிருந்து ஆள் பிடித்துத் தருபவர்கள் உண்டு.

எகிப்துக்கும் எபிரெயருக்கும் தொடர்பு இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கி.மு. 10ஆம் நூற்றாண்டுக்கு முன் அந்தத் தொடர்பு சொல்லிலும் வழக்கத்திலும் இலக்கியத்திலும் தெரிகிறதே தவிர, இன்னார் என்று சுட்டக்கூடிய தனி மனிதரிடம் தெரிவதில்லை. இந்த எல்லைக்கோட்டைக் கவனிக்காமல் தாண்டுவதால் விளைபவையே கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை.

ஒலி ஒத்தால் ஆளும் ஒன்று என்று கொள்வது

மோசே என்ற பெயரை 'வெளியே எடுத்தல்' என்ற எபிரெய வினையோடு யாத்திராகமம் இணைக்கிறது. அதே பெயருக்குள் 'பிறந்தவன்', 'பிள்ளை' என்று பொருள்படும் 'மெஸ்' என்ற எகிப்தியச் சொல் இருப்பதாகப் பல அறிஞர்கள் கருதுகிறார்கள். துத்மோஸ், அஹ்மோஸ், ராம்செஸ் ஆகிய பெயர்களில் உள்ளதும் அதே சொல்தான். இதுவரை சிக்கலில்லை. இதிலிருந்து ஒரே தாவலில் 'ஆகவே மோசேயும் துத்மோஸும் ஒருவரே' என்று போவதுதான் தவறு. இரண்டாம் ராம்செஸின் காலத்தில் சக்காராவில் கல்லறை கட்டிக்கொண்ட மெஸ் என்ற எழுத்தர் ஒருவர் இருந்தார். ப்தா தெய்வத்தின் கருவூலத்தில் பணிபுரிந்த அவர், தம் முன்னோர் ஒருவருக்கு அரசர் அஹ்மோஸ் கொடுத்த நிலம் பற்றித் தலைமுறை தலைமுறையாக நடந்த வழக்கில் தமக்குச் சாதகமாகத் தீர்ப்புப் பெற்றதை அந்தக் கல்லறைச் சுவரில் பொறித்து வைத்தார். பெயரும் பொருந்துகிறது, பலர் சொல்லும் காலமும் பொருந்துகிறது. ஆயினும் பங்காளிகளோடு நிலத்துக்காக மல்லுக்கட்டிய இந்த எழுத்தரை மோசே என்று எவரும் சொல்லத் துணிவதில்லை. பெயர் ஒற்றுமைக்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதற்கு இந்தக் கல்லறைச் சுவரே போதும்.

ஒலி ஒப்பீட்டிலும் ஒரு முடிச்சு உண்டு. ராம்செஸ் என்ற பெயரை எபிரெயத்தில் எழுதும்போது அதன் 'ஸ' ஒலிக்கு 'சாமெக்' என்ற எழுத்து வருகிறது. மோசே என்ற பெயரிலோ 'ஷீன்' வருகிறது. ஒரே எகிப்திய ஒலி ஏன் இரண்டு வகையாக எழுதப்பட்டது என்பதற்கு விளக்கங்கள் தரப்பட்டுள்ளன என்றாலும், தமிழ் எழுத்தில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு இந்த முடிச்சு கண்ணில் படவே படாது. மொழிபெயர்ப்பில் உள்ள பெயரை வைத்துச் சொல்லாராய்ச்சியில் இறங்குவது எப்போதுமே ஆபத்தான வேலை.

'அபிரு' என்ற சொல்லிலும் இதே வழுக்கல் நேர்கிறது. 1887இல் எகிப்தின் அமர்னாவில் வெளிப்பட்ட களிமண் கடிதங்களில், எருசலேமை ஆண்ட அப்தி-ஹேபா என்ற சிற்றரசன், அபிருக்கள் அரசரின் நிலங்களைச் சூறையாடுவதாக எகிப்திய மன்னரிடம் முறையிடுகிறான். அபிரு என்றதும் எபிரெயர் என்றும், முறையீடு என்றதும், மோசேக்குப் பின் எபிரெயரைக் கானானுக்கு (இன்றைய இஸ்ரேல், பாலஸ்தீனப் பகுதி) நடத்திய யோசுவாவின் படையெடுப்பு என்றும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சொல் மெசபொத்தேமியா முதல் அனத்தோலியா வரை பல நூற்றாண்டுகள் வழங்கியது. ஊரைவிட்டு ஓடியவர்கள், கூலிப்படையினர், கொள்ளையர் என்று சமூகத்தின் விளிம்பில் இருந்தவர்களைக் குறித்த சொல் அது. எபிரெயர் என்ற சொல்லோடு அதற்கு வேர்த்தொடர்பு இருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு வாழ்நிலையின் பெயரை ஓர் இனத்தின் பெயராகப் படிக்க முடியாது.

ஹிக்சோஸ் என்ற அயல்நாட்டு அரசர்களை இஸ்ரவேலர் (எபிரெயரின் இன்னொரு பெயர்) ஆக்குவது இன்னும் பழைய தவறு. கி.பி. முதல் நூற்றாண்டில் யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ், எகிப்தியப் பூசாரி மனேத்தோவை மேற்கோள் காட்டி இந்த இணைப்பைச் செய்தார். நைல் டெல்டாவில் அவாரிஸ் நகரிலிருந்து ஏறத்தாழ கி.மு. 1650 முதல் 1550 வரை ஆண்ட இவர்கள் மேற்காசிய வம்சாவளியினர் என்பதும், இவர்களிடையே இஸ்ரவேலரின் மூதாதையான யாக்கோபு என்பதை நினைவூட்டும் யாகூப்-ஹர் என்ற பெயர் வழங்கியது என்பதும் உண்மை. ஆனால் இவர்கள் ஆண்டவர்கள், அஹ்மோஸ் படையெடுத்து விரட்டியவர்கள். அடிமைகளாகத் துன்பப்பட்டு விடுதலை கேட்டவர்கள் இல்லை.

கதை நடக்கும் காலத்தை எழுதிய காலமாக எடுப்பது

அஸ்வானுக்கு அருகில் நைல் நதியின் நடுவே உள்ள செஹேல் தீவில் ஒரு பாறைக் கல்வெட்டு இருக்கிறது. மூன்றாம் வம்சத்து அரசர் ஜோசரின் ஆட்சியில் ஏழு ஆண்டுகள் நைல் பெருகாமல் பஞ்சம் வந்ததாகவும், அறிஞர் இம்ஹோதெப் அதற்குக் காரணம் தேடிச் சென்றதாகவும், அரசரின் கனவில் க்னூம் தெய்வம் தோன்றியதாகவும் அது சொல்கிறது. ஏழாண்டுப் பஞ்சம், அரசனின் கனவு, அறிவில் சிறந்த அமைச்சர் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்ததும் 'இம்ஹோதெப்தான் யோசேப்பு' என்ற முடிவு பிறந்துவிடுகிறது. ஜோசர் வாழ்ந்தது கி.மு. 27ஆம் நூற்றாண்டை ஒட்டி; இந்தக் கல்வெட்டு வெட்டப்பட்டதோ கிரேக்க வம்சத்து தாலமிகளின் ஆட்சியில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப் பின். க்னூம் கோயிலுக்கு நிலமும் வரியும் பழங்காலத்திலேயே எழுதி வைக்கப்பட்டுவிட்டன என்று உரிமை கோருவதே அதன் நோக்கமாகத் தெரிகிறது. கோயில் நிலத்துக்குப் பழைய அரசரின் பெயரால் சாசனம் காட்டும் வழக்கம் நமக்கும் புதியதன்று. ஏழாண்டுப் பஞ்சம் என்ற கூறும் யோசேப்பின் கதைக்கு மட்டும் உரியதில்லை. மெசபொத்தேமியாவின் கில்காமேஷ் காவியத்திலும் அது வருகிறது.

நெதர்லாந்தின் லெய்டன் அருங்காட்சியகத்தில் உள்ள இபுவேர் பாப்பிரஸ் என்ற பழைய எகிப்தியச் சுவடியையும் இப்படித்தான் கையாளுகிறார்கள். நதி இரத்தமாயிற்று என்ற வரியை மட்டும் பிய்த்தெடுத்து, எகிப்தின்மேல் கடவுள் அனுப்பியதாக யாத்திராகமம் சொல்லும் பத்து வாதைகளை நேரில் கண்டவரின் சாட்சியம் என்கிறார்கள். முழுவதையும் படித்தால், ஏழைகள் செல்வராவதையும் எசமானர் வேலைக்காரராவதையும் கண்டு உயர்குடி மனிதர் ஒருவர் புலம்புவதே அதன் பெரும்பகுதி என்பது தெரியும். உலகம் தலைகீழானது என்று பாடுவது எகிப்தில் வேரூன்றிய இலக்கிய வகை.

ஒரே கருத்து இருப்பதால் ஒரே ஆள் என்பது

எகிப்திய அரசர் ஆக்கெனாத்தென், ஏறத்தாழ கி.மு. 1353 முதல் 1336 வரை ஆண்டு, சூரிய வட்டமான ஆத்தெனை மட்டும் வழிபட ஆணையிட்டவர். ஒரே கடவுள் என்ற கருத்தை மோசே இவரிடமிருந்து பெற்றார் என்று வாதிட்டவர் உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் பிராய்ட். 1939இல் நூலாக வெளிவந்த அவருடைய வாதத்தில் மோசே ஓர் எகிப்தியர், ஆத்தென் வழிபாட்டைப் பின்பற்றியவர்; ஆக்கெனாத்தெனே மோசே என்று பிராய்ட் சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள் சொன்னதை அவர் வாயில் போடுவது தனித் தவறு.

இந்த இணைப்புக்கு வைக்கப்படும் ஆதாரங்களில் வலுவானது ஆத்தென் துதிப்பாடலுக்கும் விவிலியத்தின் 104ஆம் சங்கீதத்துக்கும் உள்ள ஒற்றுமை. அமர்னாவில் ஆய் என்ற அதிகாரியின் கல்லறையில் பொறிக்கப்பட்ட அந்தத் துதியில், சூரியன் மறைந்ததும் சிங்கங்கள் குகையை விட்டு வருகின்றன. விடிந்ததும் மனிதர்கள் எழுந்து வேலைக்குப் போகிறார்கள். சங்கீதத்திலும் இரவில் சிங்கக்குட்டிகள் இரைக்காகக் கெர்ச்சிக்கின்றன. சூரியன் உதித்ததும் அவை ஒதுங்கிக்கொள்ள, மனுஷன் மாலைவரை உழைக்கப் புறப்படுகிறான். படித்தவர் வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் ஒரு வேறுபாடு கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். எகிப்தியப் பாடலில் இரவு என்பது தெய்வம் இல்லாத, மரணத்தைப் போன்ற நேரம். சங்கீதத்தில் இருட்டையும் கட்டளையிடுபவர் கடவுளே, சிங்கங்களும் அவரிடமே இரை கேட்கின்றன. மேலும் ஆத்தெனை அறிந்தவர் அரசர் ஒருவரே என்று அந்தத் துதி முடிகிறது. இலக்கியம் நாடு கடந்து நடக்கக்கூடியது; சாலொமோன் பெயரில் வழங்கும் விவிலிய நூலான நீதிமொழிகளின் 22ஆம் அதிகாரத்தின் பிற்பகுதிக்கும் எகிப்தின் அமெனெமோபே அறிவுரைக்கும் உள்ள நெருக்கம் 1924 முதல் பேசப்பட்டு வருகிறது. அதற்காக அமெனெமோபேதான் சாலொமோன் என்று யாரும் சொல்வதில்லை.

உடலையும் கட்டடத்தையும் சாட்சிக்கு அழைப்பது

இரண்டாம் ராம்செஸின் பதப்படுத்தப்பட்ட உடலில் உப்பு இருந்ததால் அவரே மோசேயைத் துரத்திக் கடலில் மூழ்கி இறந்த பார்வோன் என்ற செய்தி தமிழிலும் சுற்றுகிறது. எகிப்தியர் உடலை உலர்த்தப் பயன்படுத்தியதே நேட்ரான் என்னும் உப்புதான். உப்பு இல்லாத மம்மிதான் வியப்புக்குரியது. ராம்செஸ் ஏறத்தாழ 66 ஆண்டுகள் ஆண்டு, முதுமையில், மூட்டு நோயும் பல் சீழும் வாட்ட இறந்தவர். 1976இல் பாரிசுக்கு எடுத்துச் சென்று அந்த உடலை ஆராய்ந்தபோது மூக்கினுள் மிளகு மணிகள் இருப்பது தெரியவந்தது. மிளகு விளைந்தது இந்தியாவின் தென்மேற்குக் கரையில் என்பதால், அந்த உடல் உண்மையில் சொல்லும் செய்தி நம் பக்கத்து வணிகத்தைப் பற்றியது.

மோசேயும் எபிரெயரும் கடந்ததாகச் சொல்லப்படும் கடலின் பெயரிலும் கவனம் வேண்டும். தமிழ் விவிலியத்தில் 'சிவந்த சமுத்திரம்' என்று படிப்பது எபிரெய மூலத்தில் 'யாம் சூப்'. அதை 'நாணற்கடல்' என்றே பலர் பொருள்கொள்கிறார்கள். அப்படியானால் டெல்டாவின் கிழக்கிலிருந்த சதுப்பு ஏரிகளும் கணக்கில் வரும்.

பிரமிடுகளை எபிரெய அடிமைகள் கட்டினார்கள் என்பதை விவிலியம் சொல்லவே இல்லை. அதைச் சொன்னவர் யோசேபஸ். கீசாவின் பெரிய பிரமிடு ஏறத்தாழ கி.மு. 2560இல் எழுந்த கற்கட்டடம். யாத்திராகமம் பேசுவது பித்தோம், ராமசேஸ் என்ற பண்டசாலைப் பட்டணங்களையும், களிமண்ணையும் வைக்கோலையும் பற்றியே. இந்த இடத்தில் எகிப்தியச் சான்று உண்மையில் வளமானது. துத்மோஸ் காலத்து அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறையில், போர்க்கைதிகள் தண்ணீர் மொண்டு, மண் குழைத்து, அச்சில் செங்கல் அறுப்பது தீட்டப்பட்டிருக்கிறது. இரண்டாம் ராம்செஸின் 5ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த தோல் சுருள் ஒன்று, மேற்பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் 2,000 செங்கல் என்று இலக்கு வைத்து, எத்தனை குறைந்தது என்று கணக்கெழுதுகிறது. வைக்கோல் கொடுக்காமல் செங்கல் கணக்கு மட்டும் கேட்ட ஆளோட்டிகளின் கதை எந்த உலகத்திலிருந்து வந்தது என்பதை இந்தச் சுருள் காட்டுகிறது. அந்த வேலையாட்களின் பட்டியலில் மோசேயின் அண்ணன் ஆரோனைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

உறுதியான இடத்திலும் அவசரப்படுவது

எகிப்திய ஆவணத்தில் இஸ்ரவேல் என்ற பெயர் ஐயமற வருவது மெர்னெப்தாவின் வெற்றித்தூணில். 1896இல் தீப்ஸில் பிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்த இந்தக் கல், ஏறத்தாழ கி.மு. 1208ஐச் சேர்ந்தது. அஸ்கலோன், கேசேர் ஆகிய பெயர்களின் பின்னே 'நாடு' என்பதற்கான குறி இருக்க, இஸ்ரவேலின் பின்னே மட்டும் ஓர் ஆண், ஒரு பெண், பன்மையைக் காட்டும் மூன்று கோடுகள் ஆகியவை பொறிக்கப்பட்டுள்ளன. அதாவது, கானானில் இஸ்ரவேல் என்ற மக்கள் அப்போது இருந்தார்கள். அவர்கள் எகிப்திலிருந்து வந்தார்களா, எப்போது வந்தார்கள் என்று அந்தக் கல் ஒன்றும் சொல்லவில்லை.

பெயரோடு அரசர்கள் வரத் தொடங்குவது அதன் பிறகே. யூதாவின் அரசனும் சாலொமோனின் மகனுமான ரெகொபெயாமின் ஐந்தாம் ஆண்டில் எருசலேமுக்கு வந்து பொக்கிஷங்களை எடுத்துப்போனதாக விவிலியம் சொல்லும் எகிப்திய அரசன் சீஷாக், எகிப்திய ஆவணங்களில் வரும் முதலாம் ஷோஷெங்க் என்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். அவர் பெயர் பொறித்த கல்லொன்று கானானின் பழைய நகரான மெகிதோவிலும் கிடைத்திருக்கிறது. ஆனால் எகிப்தின் கர்னாக் கோயிலில் அவர் செதுக்கிய ஊர்ப்பட்டியலில், படிக்க முடிகிற பெயர்களிடையே எருசலேம் இல்லை. ஷோஷெங்கின் ஆண்டுகளைக் கணிக்க அறிஞர்கள் ரெகொபெயாமின் ஆண்டையும் ஒரு பிடிமானமாகக் கொண்டார்கள் என்பதை மறந்து, 'இரண்டு கணக்கும் எவ்வளவு அழகாக ஒத்துப்போகின்றன' என்று மகிழ்வது வட்டத்தில் சுற்றும் வாதம்.

பிற்காலத்து அரசர்களாக விவிலியம் பெயர் சொல்லும் திராக்கா, நேகோ, ஒப்பிரா ஆகியோரிடம் வரும்போது நிலம் இன்னும் கெட்டிப்படுகிறது. நேகோவின் படை கி.மு. 609இல் மெகிதோவில் நின்றதும் யூதாவின் அரசன் யோசியா அங்கே இறந்ததும் வரலாற்றில் பொருந்துகின்றன. திராக்காவிலோ ஒரு நெருடல்: அசீரிய அரசன் சனகெரிபின் கி.மு. 701 படையெடுப்பின்போது அவரை ராஜா என்கிறது விவிலியம். அவர் அரியணை ஏறியது கி.மு. 690இல். பின்னாளில் பெற்ற பட்டத்தால் முன்னாளிலும் குறிப்பிடுவது எழுதுபவர்களுக்கு இயல்பே.

எதிர்ப்பக்கத்துத் தவறையும் சொல்லியாக வேண்டும். எகிப்தில் ஆதாரம் இல்லை, எனவே எதுவும் நடக்கவில்லை என்று முடிப்பவர்கள், டெல்டாவின் ஈர மண்ணில் பாப்பிரஸ் பிழைப்பதில்லை என்பதையும், தோல்வியைக் கல்லில் வெட்டும் பழக்கம் பார்வோன்களுக்கு இல்லை என்பதையும் எண்ணுவதில்லை. அதே வேளையில், ஆண்கள் மட்டும் ஆறு லட்சம் பேர் புறப்பட்டதாக வரும் எண்ணை அப்படியே எடுத்தால் மொத்தம் இருபது லட்சத்தைத் தாண்டும். அன்றைய எகிப்தின் மக்கள்தொகையே சில பத்து லட்சங்கள்தான் என்று மதிப்பிடப்படுகிறது. அத்தனை பேர் போயிருந்தால் ஈர மண்கூட மறைத்திருக்காது.

மௌனத்தை எப்படி வாசிப்பது என்பதற்கு அஸ்வானில் நைல் நடுவே உள்ள எலிஃபன்டைன் தீவு நல்ல பயிற்சி. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அங்கே யூதப் படைவீரர்கள் குடும்பத்தோடு வாழ்ந்தார்கள். யாகு என்று தங்கள் கடவுளை அழைத்து அவருக்குக் கோயிலும் வைத்திருந்தார்கள். புளித்த எதையும் உண்ணக் கூடாத நாள்களைப் பற்றி கி.மு. 419இல் அவர்களுக்கு வந்த கடிதம் கிடைத்திருக்கிறது. திருமண ஒப்பந்தம், வீட்டுப் பத்திரம், கோயிலை இடித்ததற்கு முறையீடு என்று இத்தனையும் எகிப்து மண்ணில் எஞ்சியிருக்க, மோசேயின் பெயர் அவற்றில் ஒன்றிலும் இல்லை.