கேரட் பூவும் முள்ளங்கிச் சாமந்தியும்: விடுமுறைக்கு ஒரு காய்கறித் தட்டு

அரையாண்டு விடுமுறை தொடங்கிவிட்டால் வீட்டில் கேக், முறுக்கு, சிப்ஸ் என்று ஏதாவது ஒன்று டப்பாவில் இருந்துகொண்டே இருக்கும். அதன் பக்கத்தில் வட்ட வட்டமாக நறுக்கிய கேரட்டையும் வெள்ளரியையும் வைத்துப் பாருங்கள், ஒருவரும் தொட மாட்டார்கள். அதே கேரட்டை ஐந்து இதழ் பூவாக வெட்டி வைத்தால் பத்து நிமிடத்தில் தட்டு காலி. மூன்று வருடமாக கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் அக்கா, தம்பி பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டில் கூடும்போது இதைச் செய்து வருகிறேன். எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று இப்போது தெரியும், அதனால் எழுதுகிறேன்.

காய் செதுக்குவது என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது கல்யாண மண்டப வாசலில் மணமக்கள் பெயரோடு வைத்திருக்கும் தர்பூசணிதான். அது கைதேர்ந்தவர்கள் கண்ணுக்காகச் செய்யும் வேலை. மெக்சிகோவில் வஹாகா நகரில் இதற்கென்றே ஒரு விழா இருக்கிறது, 1897-லிருந்து டிசம்பர் 23 அன்று பெரிய பெரிய முள்ளங்கிகளில் இயேசு பிறப்புக் காட்சியெல்லாம் செதுக்கி வைப்பார்கள், அதுவும் பார்க்கத்தான். ஜப்பானில் புத்தாண்டுச் சாப்பாட்டுக்கு கேரட்டை பிளம் பூ மாதிரி வெட்டி, வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். நமக்கு அந்த வழிதான் சரி. வெட்டிய துண்டு ஒரே வாயில் போக வேண்டும், மிச்சம் குப்பைக்குப் போகக் கூடாது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் என்ன வடிவம் என்பது தானாகவே முடிவாகிவிடும்.

கத்தி சின்னதாக, கூர்மையாக இருக்கட்டும். மொட்டைக் கத்திதான் வழுக்கி விரலில் ஏறும், ஏனென்றால் அதை அழுத்தி வெட்ட வேண்டியிருக்கும். பலகைக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை மடித்துப் போடுங்கள், அசையாது. இது போக ஒரு பீலர், ஒரு டீஸ்பூன், பிஸ்கட் வெட்டும் நட்சத்திர அச்சு இருந்தால் போதும். செதுக்குவதற்கென்று விற்கும் கத்தி செட் எல்லாம் தேவையே இல்லை.

கேரட்டில் தொடங்குங்கள், கை பழக அதுதான் நல்ல காய். ஊட்டி கேரட்டில் நேராக, தடிமனாக இருப்பதைப் பார்த்து எடுங்கள். தோல் சீவி, விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டிக்கொண்டு, மேலிருந்து கீழாக நீளவாக்கில் சரிவாக ஒரு கீறல், அதற்கு எதிர்ச் சரிவில் இன்னொரு கீறல், நடுவில் இருக்கும் மெல்லிய குச்சி தனியாக வந்துவிடும். இப்படிச் சுற்றிலும் ஐந்து பள்ளம் எடுத்துவிட்டு, குறுக்கே அரை சென்டிமீட்டர் கனத்துக்கு வில்லை போட்டால் ஒவ்வொரு வில்லையும் ஒரு பூ. பூவைத் தனித்தனியாகச் செதுக்க வேண்டியதில்லை, ஒரு கேரட்டில் பன்னிரண்டு, பதினைந்து பூ வந்துவிடும். பச்சையாகவே வைக்கலாம். எனக்குப் பிடித்தது இட்லிப் பானையில் மூன்று நிமிடம் ஆவி காட்டி, கடுகு, கறிவேப்பிலை தாளித்து, மிளகுத்தூளும் எலுமிச்சைச் சாறும் விட்டுப் பிரட்டுவது. தாளிக்கும் எண்ணெய் ருசிக்கு மட்டும் இல்லை, கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். வீட்டில் நான்கு வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் பச்சைக் கேரட் கொடுக்கவே வேண்டாம், தொண்டையில் சிக்கும். விரலால் நசுக்கினால் நசுங்குகிற அளவுக்கு வேகவைத்து, சின்னதாக்கிக் கொடுங்கள்.

அடுத்தது முள்ளங்கிச் சாமந்தி. இந்தத் தட்டில் நான் அதிக நேரம் செலவு செய்வது இதற்குத்தான், ஏனென்றால் முள்ளங்கி வாசனை பிடிக்காது என்று சொல்கிற பிள்ளைகளும் இதைச் சாப்பிடுகிறார்கள். வெள்ளை முள்ளங்கியில் இளசாகப் பாருங்கள், முற்றினால் நார் தட்டும், நடுவில் பஞ்சு மாதிரி இருக்கும். தோல் சீவி இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்குத் துண்டு போட்டு, ஒரு துண்டைப் பலகையில் நிற்க வைத்து, அதன் இரண்டு பக்கமும் மரக்கரண்டிக் காம்பு இரண்டைப் படுக்க வையுங்கள். இப்போது மேலிருந்து நெருக்க நெருக்கமாக, எவ்வளவு மெல்லிசாக முடியுமோ அவ்வளவு மெல்லிசாக வெட்டிக்கொண்டே போங்கள், கத்தி காம்பில் தட்டி நின்றுவிடும், அடி வரை போகாது. துண்டைக் குறுக்காகத் திருப்பி வைத்து அதே மாதிரி இன்னொரு முறை. பார்க்க ஒன்றும் தெரியாது, வெறும் கட்டம் போட்ட முள்ளங்கிதான். அதை இரண்டு டம்ளர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பு கரைத்து அதில் இருபது நிமிடம் போட்டுவிடுங்கள். உப்பு காய்க்குள் இருக்கும் தண்ணீரை இழுத்துவிடுவதால் விறைப்பாக இருந்த இதழ்கள் துவண்டு வளைய ஆரம்பிக்கும், காரமும் குறையும். எடுத்து உள்ளங்கையில் வைத்து மெதுவாகப் பிழிந்து, விரலால் இதழ்களைப் பிரித்துவிட்டால் சாமந்தி. இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு டீஸ்பூன் சர்க்கரை, கொஞ்சம் தண்ணீர் கலந்து அதில் அரை மணி நேரம் ஊற விடுங்கள். அந்தத் தண்ணீரிலேயே பீட்ரூட் வில்லை இரண்டு போட்டால் ரோஸ் நிறத்தில் பூக்கும். பாதியை வெள்ளையாகவும் பாதியை ரோஸாகவும் செய்தால் தட்டுக்கே ஒரு களை வந்துவிடும்.

பீட்ரூட்டைப் பற்றிச் சொல்லும்போதே ஒரு எச்சரிக்கை. அதன் சாயம் தண்ணீரில் கரைவது, பக்கத்தில் எது இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். முதல் வருடம் பீட்ரூட் நட்சத்திரத்தை வெள்ளரிக்குப் பக்கத்திலேயே அடுக்கிவிட்டேன், விருந்தாளிகள் வருவதற்குள் தட்டில் பாதி சிவந்துபோய்விட்டது. தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வெட்டுவதையும் கடைசியில் வெட்டுங்கள்.

வெள்ளரியில் குட்டிக் கிண்ணம் செய்யலாம். நான்கு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, மேல் விளிம்பில் கத்தி நுனியால் பல் பல்லாக எடுத்து, டீஸ்பூனால் நடுவில் குடைந்துவிடுங்கள், அடியில் ஒரு சென்டிமீட்டர் விட்டுவிட வேண்டும். உள்ளே ஒரு சிட்டிகை உப்பைத் தடவி ஐந்து நிமிடம் கவிழ்த்து வைத்தால் தண்ணீர் வடிந்துவிடும், இதைச் செய்யாவிட்டால் உள்ளே வைப்பது சொதசொதவென்று ஆகிவிடும். முளைகட்டிய பச்சைப்பயறை நன்றாக ஆவியில் வேகவைத்து, தேங்காய்த் துருவல், பச்சை மிளகாய், மாங்காய் சேர்த்த சுண்டலை இதில் நிரப்பினால் பிள்ளைகளுக்குப் பசியும் அடங்கும். பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் நிரப்ப வேண்டும்.

கிறிஸ்துமஸ் மரம் கேட்பார்கள், அதுவும் வெள்ளரிதான். பீலரால் நீளமாக நாடா மாதிரி சீவி, அதை முன்னும் பின்னுமாக மடித்துக்கொண்டே ஒரு குச்சியில் குத்துங்கள், அடியில் மடிப்பு அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகலாகவும் இருக்கட்டும், உச்சியில் ஒரு கேரட் நட்சத்திரம். குச்சியைக் கூர் மழுங்கியதாகப் பாருங்கள், சின்னப் பிள்ளைகளுக்குக் குச்சியை உருவிவிட்டுக் கொடுங்கள்.

சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோலோடு முக்கால் வேக்காடு வேகவைத்து, நன்றாக ஆறிய பிறகு ஒரு சென்டிமீட்டர் வில்லைகளாக்கி நட்சத்திர அச்சில் அழுத்தினால் ஓரம் உடையாமல் வரும். சூடாக இருக்கும்போது வெட்டினால் பிசைந்துபோகும். தோசைக்கல்லில் சில சொட்டு நெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க எடுத்து, உப்பு, மிளகாய்த்தூள் தூவுங்கள். அச்சு அழுத்துகிற வேலை ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்ற வேலை. தான் வெட்டியதைத் தானே சாப்பிட வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு பிடிவாதம் வரும், அது நமக்கு நல்லது.

தொட்டுக்கொள்ள என்ன என்பதில் அலட்சியம் வேண்டாம், பச்சைக் காயைச் சாப்பிட வைப்பதில் பாதி வேலை அதனுடையது. கெட்டித் தயிரை வெள்ளைத் துணியில் கட்டி ஃபிரிட்ஜுக்குள்ளேயே ஒரு வடிகட்டி மேல் இரண்டு, மூன்று மணி நேரம் வைத்தால் கிரீம் மாதிரி இறுகிவிடும். அதில் பொடியாக நறுக்கிய புதினா, வறுத்த சீரகப்பொடி, உப்பு. இன்னொன்று கெட்டியாக அரைத்த நிலக்கடலைச் சட்னி. இரண்டையும் மேல்மூடி வெட்டி விதை எடுத்த குடைமிளகாய்க்குள் ஊற்றி வைத்தால் கிண்ணமே தேவையில்லை, சட்னி தீர்ந்ததும் குடைமிளகாயையும் சாப்பிடலாம்.

முந்தின நாள் இரவே கேரட் பூ, முள்ளங்கிச் சாமந்தி இரண்டையும் முடித்துவிடலாம். கேரட் பூவை ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்தால் வைட்டமின் சி மாதிரி கரைந்துபோகும் சத்துகள் வெளியேறும். வாடியிருந்தால் காலையில் ஐஸ் தண்ணீரில் பதினைந்து நிமிடம் போட்டால் போதும், தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு திரும்பவும் மொறுமொறுவென்று ஆகிவிடும். வெள்ளரியை அன்றைக்கே வெட்டுங்கள். வெட்டும் முன்பே எல்லாக் காயையும் ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும், பச்சையாகச் சாப்பிடப் போகிறோம். தட்டை வெளியே எடுத்து வைத்தால் இரண்டு மணி நேரம்தான் கணக்கு, அதற்கு மேல் இருந்தால், முக்கியமாகத் தயிர் கலந்ததை, எடுத்து வைத்துச் சாப்பிடக் கூடாது.

பள்ளம் எடுத்தபோது வந்த கேரட் குச்சிகளை ஒரு டப்பாவில் சேர்த்துக்கொண்டே வாருங்கள், மறுநாள் காலை அடை மாவில் கலந்துவிடலாம். முள்ளங்கித் துண்டுகள் சாம்பாருக்கு, இலை இளசாக இருந்தால் பாசிப்பருப்பு போட்டுப் பொரியலுக்கு. வெள்ளரி குடைந்த சோற்றை மோரில் அடித்து இஞ்சி, உப்பு போட்டால் காய் நறுக்கி முடித்த களைப்புக்கு அப்போதே ஒரு டம்ளர் குடிக்கலாம். அச்சில் போக மிஞ்சிய சர்க்கரைவள்ளி ஓரங்களை மசித்து, வெல்லமும் ஏலக்காயும் சேர்த்துப் பிடித்தால் பத்து உருண்டைக்குக் குறையாமல் வரும், அதைத் தட்டின் நடுவில் வையுங்கள்.