ஆயில் சூடு: முள் பச்சையில் இருந்தால் போதுமா?

டிசம்பர் மாதம் காலை ஏழு மணிக்கு ஓசூரில் விமான எஞ்சினின் மூடியைத் தொட்டால் விரல் சில்லிட்டுப் போகும். அதே மாவட்டத்தில், சூளகிரி தாண்டிக் கீழே இறங்கினால், ஏப்ரல் மதியம் கிருஷ்ணகிரியில் வெறுங்காலோடு ரோட்டில் நிற்க முடியாது. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி டவுன் அதில் பாதியைவிடச் சற்றே அதிகம். சின்ன விமானங்களில் ஆயில் சூட்டைப் பற்றிப் பேச இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. குளிரின் தொல்லையும் வெக்கையின் தொல்லையும் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன.

பயிற்சிக்கு வரும் பசங்களானாலும் பழைய ஆட்களானாலும் ஆயில் சூடு காட்டும் கேஜில் உச்ச வரம்பான சிவப்புக் கோட்டுக்கு மட்டும்தான் பயப்படுகிறார்கள். பச்சைப் பட்டைக்குள் முள் நின்றால் எல்லாம் சரி என்று நினைப்பு. "முள்ளு பச்சையிலதான் சார் இருக்கு" என்றதோடு பேச்சு முடிந்துவிடும். சூடு ஏறினால் எஞ்சின் போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரியும். சூடு ஏறாமலும் எஞ்சின் போகும் என்றால் நம்ப மாட்டார்கள். நான் கையில் எடுத்துப் பார்த்த எஞ்சின்களில் இரண்டாவது வகையே அதிகம்.

இந்தப் பக்கம் இரண்டு குடும்பத்து எஞ்சின்களைப் பற்றித் தெரிந்திருந்தால் போதும். தளி சாலையில் பேளகொண்டப்பள்ளியில் 1990-களில் தயாரான இத்தாலிய வடிவமைப்பு பி68 விமானத்தில் இருப்பது இரண்டு லைகமிங். ஒவ்வொன்றும் 200 குதிரைசக்தி, காற்றிலேயே குளிர்வது. பெங்களூரில் உள்ள அரசு விமான ஆய்வகமான என்.ஏ.எல். வடிவமைத்த ஹன்சா-3 பயிற்சி விமானத்தில் இருப்பது ரோட்டாக்ஸ் 914. மைக்ரோலைட் எனப்படும் மிக இலகுவான சின்ன விமானங்களிலும் பெரும்பாலும் ரோட்டாக்ஸ்தான். இரண்டுக்கும் ஆயில் வேறு, அளவு வேறு, ஆகாத பழக்கமும் வேறு.

பறக்காத விமானத்தை ஓடவிடுவது

"பத்து நாளா நிக்குது, கொஞ்சம் ஸ்டார்ட் பண்ணி விடலாம்." வீட்டில் நிற்கும் மொபெட்டை உதைத்துப் பார்க்கிற அதே கை, விமானத்திலும் அதையே செய்கிறது. பத்து நிமிடம் ஐடிலில் ஓட்டி, ஆயில் 50 டிகிரியைத் தொட்டதும் நிறுத்திவிட்டு, நல்லது செய்த திருப்தியோடு டீ குடிக்கப் போய்விடுகிறோம்.

உள்ளே நடப்பது வேறு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். எஞ்சின் நன்றாகச் சூடானால் அது ஆவியாகிப் பிரீதர் குழாய் வழியே வெளியேறும். சூடாகாவிட்டால் அங்கேயே தங்கி, எரிப்பில் வந்த மற்றக் கசடுகளோடு சேர்ந்து அமிலமாகிறது. ஓட்டாமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு தண்ணீர் உள்ளே போயிருக்காது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். இப்படி அடிக்கடி 'சூடாக்கிய' எஞ்சினின் ஆயில் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். மோரில் மஞ்சள் கலந்த மாதிரி ஒரு பிசுபிசுப்பு ஒட்டியிருக்கும். தண்ணீரும் ஆயிலும் கலந்தால் அப்படித்தான் இருக்கும். நன்றாக ஒரு மணி நேரம் பறந்து வந்து இறங்கிய விமானத்தில் அதே மூடியைத் திறந்தால் ஆவி எழும். மூடி சுத்தமாக இருக்கும்.

லைகமிங்கில் இது இன்னும் மோசம். அதில் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு மேலே இருக்கிறது. நிறுத்தி வைத்தால் ஆயில் முழுக்கக் கீழே வடிந்துவிடும். மேலே இருப்பது வறண்டு, அந்த ஈரத்தில் துருப்பிடிக்கும். அடுத்த முறை ஓடும்போது துரு உரசிக் குழி விழும். பிறகு ஃபில்டரை வெட்டிப் பிரித்தால் இரும்புத் துகள் மினுக்கும். செலவு லட்சங்களில்.

அந்தக் கம்பெனியே சொல்கிற வழி எளிது: 30 நாளைக்கு ஒருமுறையாவது, ஆயில் சூடு 74 முதல் 93 டிகிரி வரை இருக்கும்படி ஒரு மணி நேரம் விடாமல் பற. முடியாவிட்டால் தொடாதே, நீண்ட நாள் நிறுத்தும் முறைப்படி மூடி வை. ரோட்டாக்ஸ்காரர்கள் வேறு விதமாகச் சொல்கிறார்கள்: பறக்கும் நாளில் ஒருமுறையாவது ஆயில் 100 டிகிரியைத் தொட வேண்டும். காரணம் அதே தண்ணீர்தான்.

லைகமிங்கில் மட்டும் ஏன் 74 முதல் 93 டிகிரி போதும், தண்ணீர் 100இல் அல்லவா கொதிக்கிறது என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. கேஜ் காட்டுவது கூலரில் குளிர்ந்து எஞ்சினுக்குள் நுழையும் ஆயிலின் சூடு. பிஸ்டனுக்கு அடியில் தெறித்துத் திரும்பும் ஆயில் அதைவிட எவ்வளவோ கொதித்திருக்கும்.

குளிரில் அவசரம்

ஸ்டார்ட் செய்ததும் முறுக்குவது அடுத்த தவறு. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும். பிரஷர் முள் உயரமாக நிற்கும். அதைப் பார்த்து 'நல்ல பிரஷர்' என்று சந்தோஷப்படக் கூடாது. முள் நிற்கிறது, ஆயில் இன்னும் எல்லா மூலைக்கும் போகவில்லை. ரோட்டாக்ஸில் கணக்கு தெளிவு: 2000 ஆர்.பி.எம்.மில் இரண்டு நிமிடம், பிறகு 2500இல், 50 டிகிரி வரும்வரை. அதற்கு முன் டேக்-ஆஃப் இல்லை.

ஆயில் அளவு பார்ப்பதிலும் ரோட்டாக்ஸ் வேறு. அதன் ஆயில் தனி டேங்கில் இருக்கிறது. புரொப்பெல்லரைச் சுழலும் திசையில் கையால் பலமுறை சுற்றி, டேங்கில் 'களக்' என்று சத்தம் வந்த பிறகுதான் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். சுற்றாமல் பார்த்து, குறைவு என்று நினைத்து ஊற்றினால் அளவு மிஞ்சிவிடும். தலைகீழாகச் சுற்றவே கூடாது. ஆயில் வழியில் காற்று நுழைந்துவிடும்.

வண்டி தெரிந்தவர்களின் தவறு

ஓசூரில் பாதிப் பேருக்கு வண்டி எஞ்சின் தெரியும். அதுவே வினை. பாட்டிலில் டபிள்யூ100 என்று பார்த்ததும் 'வின்டர் 100' என்று படித்துவிடுகிறார்கள். விமான ஆயிலில் எண்ணுக்கு முன்னால் வரும் அந்த டபிள்யூவுக்குக் குளிர்காலத்தோடு சம்பந்தமில்லை. கசடைக் கட்டிக்கொள்ளாமல் மிதக்க வைக்கும், சாம்பல் விடாத சேர்மானம் உள்ள ஆயில் என்று அர்த்தம். 100 என்பது வண்டிக் கணக்கில் எஸ்.ஏ.இ. 50, பாதியாக்கிப் படிக்க வேண்டும். அது வெயிலுக்கான கெட்டி ஆயில். ஓசூர்க் குளிர்காலக் காலைக்கும் கிருஷ்ணகிரி மதியத்துக்கும் ஒரே ஆயில் வேண்டுமென்றால் 15டபிள்யூ-50 போன்ற மல்டிகிரேடு நல்லது.

கார் ஆயிலை லைகமிங்கில் ஊற்றினால் அதன் உலோகச் சேர்மானம் எரிந்து சிலிண்டரில் சாம்பலாகப் படியும். அந்தச் சாம்பல் தணலாகி, பிளக் பொறி விடும் முன்பே எரிபொருளைப் பற்றவைக்கும். ரோட்டாக்ஸில் கதை தலைகீழ்: கியர்பாக்ஸும் அதே ஆயிலில் ஓடுவதால் கியர் சேர்மானம் உள்ள மோட்டார் சைக்கிள் வகை ஆயில்தான் வேண்டும், லைகமிங் ஆயில் ஆகாது.

சூடு ஏறினால்

தொப்பூர்க் கணவாயில் லாரி ஏற்றுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏற்றத்தில் சக்தி முழுக்கப் போகும்; வேகம் குறைவு, காற்று குறைவு, சூடு அதிகம். விமானமும் அப்படியே. மூக்கைச் செங்குத்தாகத் தூக்கி, குறைந்த வேகத்தில் ஏறினால் கூலருக்குள் காற்று போகாது. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், வேகம் கூடட்டும், எஞ்சின் மூடியில் காற்றை வெளியே விடும் கதவு (கவ்ல் ஃபிளாப்) இருந்தால் திறங்கள், மிக்ஸ்சரில் காற்றோடு சேரும் பெட்ரோலைக் கூட்டுங்கள், பவரைக் குறையுங்கள். முக்கால்வாசி நேரம் இது போதும்.

ஆனால் சூட்டு முள்ளைத் தனியாகப் பார்க்கக் கூடாது. சூடு ஏறி, கூடவே பிரஷர் இறங்கினால் யோசிக்க நேரமில்லை. கிடைக்கும் இடத்தில் இறங்க வேண்டும். பிரஷர் பூஜ்யமாகி, சூடு மட்டும் சாதுவாக நிற்கிறதே என்று கேஜைக் குறை சொல்பவர்களும் உண்டு. ஆயில் முழுக்க வெளியே போய்விட்டால் சென்சாரைத் தொட ஆயிலே இருக்காது, முள் எப்படி ஏறும்?

லைகமிங் வகைகள் பலவற்றில் உச்ச வரம்பு 118 டிகிரி. ரோட்டாக்ஸ் 914இல் 130. வழக்கமாக 85இல் நிற்கும் எஞ்சின் இன்று 105 காட்டினால் அதுவும் பச்சைதான். ஆனாலும் ஏதோ மாறியிருக்கிறது: கூலரின் துடுப்புகளில் பூச்சி அடைத்திருக்கலாம், எஞ்சினைச் சுற்றியுள்ள ரப்பர்ப் பட்டி மடங்கிக் காற்று வழி தப்பியிருக்கலாம், ஆயில் குறைந்திருக்கலாம். மழைக்குப் பிறகு இரண்டு வாரம் நின்ற விமானமென்றால் முதலில் குளவிக் கூட்டைத் தேடுங்கள்.

நான் செய்த இரண்டு முட்டாள்தனங்கள்

ஒரு சென்சார் குறைவாகக் காட்டுகிறது என்ற சந்தேகத்தில், ஓசூரில் டீ போடும் பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து அதைத் தொங்கவிட்டேன். 97 காட்டியது. மூன்று டிகிரி தப்பு என்று புதிது வாங்கினேன். அதுவும் 97. பழையது, புதியது இரண்டையும் மாற்றி மாற்றி முக்கிப் பார்த்தபோது, பக்கத்தில் இருந்த பள்ளிக்கூட வாத்தியார் நண்பர்தான் கேட்டார்: "ஏங்க, இவ்ளோ உயரத்துல தண்ணி நூறுலயா கொதிக்கும்?" 900 மீட்டரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். பழைய சென்சார் இன்றும் நன்றாக ஓடுகிறது.

இன்னொன்று அவ்வளவு சிரிப்பானதல்ல. ஜனவரியில் ஒரு மைக்ரோலைட்டின் ஆயில் 75 டிகிரியைத் தாண்டவில்லை. கூலரின் மூன்றில் ஒரு பங்கை அலுமினிய டேப்பால் மறைத்தேன், 95க்கு வந்தது. பெருமையாக இருந்தது. எங்கும் எழுதி வைக்கவில்லை. மார்ச் கடைசியில் மதிய வெயிலில் ஏறும்போது முள் 125க்குப் போனது. ஓட்டியவர் நிதானமானவர், பவரைக் குறைத்துத் திரும்பி இறங்கினார். மூடியைத் திறந்ததும் என் டேப் பளபளவென்று என்னைப் பார்த்தது.

லைசென்ஸ் பெற்ற ரக விமானத்தில் இப்படி இஷ்டத்துக்கு ஒட்டவும் முடியாது. சில பைப்பர் ரகங்களுக்குக் கூலரை மறைக்கும் தகடு கம்பெனியே தருகிறது. ஆனால் வெளிக்காற்று 10 டிகிரிக்கு மேல் போனால் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. ஓசூரிலேயே அதற்கு வேலை அரிது, தர்மபுரியில் சுத்தமாக இல்லை.

இப்போது டேப் ஒட்டினால் கேஜுக்குப் பக்கத்திலேயே ஒரு துண்டுச் சீட்டு ஒட்டுகிறேன்: எத்தனை விரல் அகலம், எந்தத் தேதி, எத்தனை டிகிரி வெயில்வரை.