வன்கொடுமைச் செய்தியை விடாமல் தொடர்வது எப்படி?

தலித், பழங்குடி மக்களுக்காகச் சின்னதாக ஓர் இணையச் செய்தித் தளம் நடத்துகிறீர்களா? சம்பவம் நடந்த அன்று பெரிய சேனல்களோடு போட்டி போடாதீர்கள். மாலைக்குள் அவர்கள் மைக்கைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். உங்கள் வேலை அதற்குப் பிறகுதான். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அதன் விதிகளும் அதிகாரிகளுக்குக் கெடு வைத்திருக்கின்றன. கெடு தவறினால் அது செய்தி.

1. காகிதத்தைப் பாருங்கள்

"கேஸ் போட்டாச்சா?" என்று கேட்டால், "போட்டாச்சு தம்பி, ரசீது குடுத்தாங்க" என்பார்கள். அந்த ரசீதை வாங்கிப் பாருங்கள். பல நேரம் அது வெறும் சி.எஸ்.ஆர் ரசீதாக இருக்கும். மனு வந்தது என்பதற்குத்தான் அது சான்று, வழக்குப் பதிவானதற்கு அல்ல. "விசாரிச்சுட்டு எஃப்.ஐ.ஆர் போடுறோம்" என்று நிலையத்தில் சொன்னால், 2018-இல் சேர்த்த 18-ஏ பிரிவை எடுத்துச் சொல்லிக் கேளுங்கள். இந்தச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆருக்கு முன்விசாரணை தேவையில்லை. உங்கள் முதல் செய்தியே இதுவாக இருக்கலாம்.

எஃப்.ஐ.ஆர் நகல் புகார்தாரருக்கு இலவசம். கையில் கிடைத்ததும், வன்கொடுமைப் பிரிவு போட்டிருக்கிறார்களா, சாதாரண அடிதடி வழக்காக முடித்துவிட்டார்களா என்று பாருங்கள். அடுத்து, சம்பவ நேரத்துக்கும் பதிவு நேரத்துக்கும் உள்ள இடைவெளி. கடைசியாக, பலர் கவனிக்காமல் விடுவது: புகாரில் சொன்ன சாதி வசவு அப்படியே இருக்கிறதா, 'தகாத வார்த்தைகளால் திட்டி' என்று சுருங்கிவிட்டதா? சுருங்கிவிட்டால், சாதி சொல்லித் திட்டியதற்கான 3(1)(எஸ்) பிரிவு நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம். பாதிக்கப்பட்டவர் மீதே எதிர் வழக்கு போட்டிருக்கிறார்களா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

2. தேதிகளைக் குறியுங்கள்

போனில் நினைவூட்டல் வைத்தால் போதும். உடனடி நிவாரணத்துக்கு 7 நாள். விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 60 நாள். அதன்பின் கூடுமானவரை 2 மாதத்தில் தீர்ப்பு. மாவட்டக் கண்காணிப்புக் குழு 3 மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும்.

எட்டாம் நாள் ஆதிதிராவிடர் நல அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். "ஃபைல் கலெக்டர் டேபிள்ல இருக்கு" என்பதும் பதில்தான். சொன்னவர் பதவியையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். பதிலே வராவிட்டால் தகவல் உரிமை மனு: கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். 'ஏன் தாமதம்?' என்று கேட்காதீர்கள், மழுப்பலாகத்தான் பதில் வரும். 'எந்தத் தேதியில், எவ்வளவு தொகை, ஆணை நகல் தருக' என்று கேளுங்கள். பாதிக்கப்பட்டவர் பெயரிலேயே மனு போட்டால், மூன்றாம் நபர் தகவல் என்று தட்டிக்கழிக்க முடியாது.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போனதும் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும் 16 இலக்க அடையாள எண்ணான சி.என்.ஆர் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். இ-கோர்ட்ஸ் தளத்தில் அடுத்த வாய்தா தேதி தெரியும்.

3. எழுதும்போது

யார் யாரை என்ன செய்தார்கள் என்பது முதல் வாக்கியத்திலேயே வரட்டும். அடித்தவரும் அடிபட்டவரும் 'இரு தரப்பினர் மோதல்' என்ற தலைப்பில் ஒன்றாகிவிடக் கூடாது.

பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 72-ஆம் பிரிவில் குற்றம். குழந்தைகள் விஷயத்தில் போக்சோ 23-ஆம் பிரிவும் உண்டு. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. சின்ன ஊரில் தெருப் பெயரும் அப்பாவின் தொழிலுமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். மற்ற வழக்குகளிலும், வீடியோ இணையத்திலேயே கிடக்கும் என்பதை விளக்கிச் சொல்லிவிட்டுச் சம்மதம் கேளுங்கள். மறுநாள் அதே ஊர்க்காரர் வயலுக்குக் கூலி வேலைக்குப் போக வேண்டியவர் அவர்.

4. திரும்பத் திரும்பப் போங்கள்

சமரசப் பேச்சு, சாட்சிகள் மேல் அழுத்தம், ஜாமீன் எல்லாம் கேமராக்கள் போன பிறகு நடப்பவை. ஜாமீன் விசாரணை பற்றிப் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்கிறது 15-ஏ பிரிவு. தெரிவித்தார்களா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். உள்ளூர்க்காரரே செய்தியாளர் என்றால் இதெல்லாம் சுலபம்; 2002-இல் உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடில் அச்சிதழாகத் தொடங்கிய கபர் லஹரியா, கிராமத்துப் பெண்களையே செய்தியாளர்களாக வைத்துத்தான் இணையம் வரை வளர்ந்தது.

ஒரு வழக்கின் செய்திகள் அத்தனையையும் ஒரே பக்கத்தில் தேதி வரிசைப்படி சேர்த்து வையுங்கள். இழுத்தடிப்பு எத்தனை நாள் என்று அதிகாரியிடம் கேட்கும்போது அந்த இணைப்பை அப்படியே அனுப்பிவிடலாம்.