எல்க் வேட்டைக்கு எந்த எடைக் குண்டு?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் எல்க் மான் வேட்டைக்கு ரைஃபிள் குண்டு குறைந்தது 85 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் சிறு அலகு) இருக்க வேண்டும் என்பது சட்டம். அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தொடும். தோள் எலும்பும் தடிமன். லேசான குண்டு அதில் பட்டுச் சிதறினால் உள்ளே நுரையீரல்வரை போகாது. காயத்தோடு ஓடும் மான் மணிக்கணக்கில் துடிக்கும். அந்தப் பாவம் வேண்டாம்.

.30-06 என்ற தோட்டா வகைக்கான துப்பாக்கி என்றால் நான் 180 கிரெய்ன்தான் சொல்வேன், ஏறக்குறைய 11.7 கிராம். .270 தோட்டாவுக்கான துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு 150 கிரெய்ன். முழுச் செம்புக் குண்டானால் ஒரு படி குறைக்கலாம், .30-06-க்கு 165 கிரெய்ன் போதும். அது சிதறாமல் எடையைக் காத்துக்கொள்ளும்.

எடையை மாற்றினால் குண்டு விழும் இடமும் மாறும். காட்டுக்குப் போகும் முன் 100 கஜத்தில் அட்டை வைத்துச் சுட்டு, ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) மறுபடி சரிசெய்யுங்கள்.