சிற்றூரின் கழிவுநீரை ஊருக்குள்ளேயே சுத்திகரித்தல்

வீட்டுக்கு வீடு குழாயில் நீர் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் குடிநீர் வழங்குவதை இலக்காகக் கொண்டது. 240 பேர் வாழும் ஒரு சிற்றூருக்கு அது 13,200 லிட்டர். அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராக வெளியேறும். குழாய் பதிக்கும்போதே இந்தப் பத்தாயிரம் லிட்டர் எங்கே போகும் என்பதையும் ஊர்க்கூட்டத்தில் பேசி முடிவு செய்துவிட வேண்டும்.

முதல் விதி, கழிப்பறை நீரையும் குளியல், சமையல், துணி துவைக்கும் நீரையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது என்பது. கலந்துவிட்டால் நோய்க்கிருமிகள் மொத்த நீரிலும் பரவிவிடும். எளிய முறைகள் எதுவும் பிறகு போதாது. கழிப்பறைக்கு இரட்டைக்குழி போதுமானது. ஒரு குழி நிறைந்ததும் அதை மூடி, மற்றொன்றுக்குத் திருப்பிவிட்டு, 2 ஆண்டுகள் கழித்து எடுத்தால் உள்ளே இருப்பது மக்கிய எரு. செப்டிக் டேங்க் இருக்கும் வீடுகளில் அதன் வெளிப்போக்குக் குழாயைத் தெருச் சாக்கடையில் விடக் கூடாது. டேங்குக்குள் யாரையும் எக்காரணத்துக்காகவும் இறக்கக் கூடாது. நச்சு வாயு நொடியில் உயிரைப் பறிக்கும், கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் பாதுகாப்புக் கருவியின்றி ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதைத் தடை செய்கிறது.

மற்ற நீருக்கான வழியை மண்தான் தீர்மானிக்கிறது. ஓரடி ஆழக் குழி தோண்டி, இரவு முழுவதும் நீரூற்றி ஊறவிட்டு, மறுநாள் மீண்டும் நிரப்பிப் பாருங்கள். நீர்மட்டம் 2.5 செ.மீ. இறங்க 30 நிமிடத்துக்கு மேல் ஆகாவிட்டால், வீட்டுக்கு வீடு உறிஞ்சுகுழி அமைக்கலாம். நீள, அகல, ஆழம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டராகத் தோண்டி, அடியில் பெரிய கற்களும் மேலே ஜல்லியும் இட்டு, நீர் விழும் இடத்தில் அடியில் துளையிட்ட பானையைத் தேங்காய் நார் நிரப்பி வைக்க வேண்டும். எண்ணெய்ப் பசையும் சோற்றுப் பருக்கையும் அந்த நாரில் தங்கிவிடும். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 10 மீட்டராவது இருக்கட்டும்.

காவிரி டெல்டாவின் களிமண்ணில், வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் மேலேறி வரும் ஊர்களில், இந்தக் குழி ஐப்பசியிலேயே நிரம்பி வழியும். அங்கே குழிக்குச் செலவிடுவது வீண்; ஊருக்குப் பொதுவாகச் செடிப்படுகை அமைப்பதே சரி. சாக்கடை நீரை முதலில் ஒரு தெளிவுத் தொட்டியில் தேக்கி, கசடு அடியில் படிந்த பின், தரையில் நீர் இறங்காதபடி பூசிய, 60 செ.மீ. ஆழ ஜல்லிப் படுகையின் ஊடாக மெல்ல நகரவிட வேண்டும். படுகையில் கல்வாழை, சம்பு, நாணல் ஆகியவற்றை நடலாம். அழுக்கை உண்ணும் நுண்ணுயிரிகள் வேரிலும் கல்லிலும் படர்ந்து வளரும். ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் என்றால் நமது சிற்றூருக்கு ஆறு சென்ட் நிலம் போதும். நீர்மட்டம் ஜல்லியின் மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே நிற்குமாறு வெளிப்போக்குக் குழாயின் வளைவைப் பொருத்தினால் கொசு முட்டையிட இடமிருக்காது. மழைநீர் வடிகாலை இதனுடன் இணைக்கவே கூடாது. ஒரே மழை படுகையை அரித்துவிடும்.

வெளிவரும் நீரைத் தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சலாம், பச்சையாகத் தின்னும் கீரைக்குக் கூடாது. உறிஞ்சுகுழிப் பானையின் தேங்காய் நாரை வாரந்தோறும் மாற்றவும், தொட்டியின் கசட்டை அள்ளவும், முற்றிய செடிகளை அறுக்கவும் கூலியுடன் ஒருவரை ஊராட்சி அமர்த்த வேண்டும். அந்தக் கூலியைக் கட்டுமானச் செலவோடு முதல் நாளே கணக்கில் சேருங்கள்.