லீவில் ஊருக்கு வந்து உடம்பைக் குறைக்கப் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

சித்திரைத் திருவிழாவுக்குக் கொடியேறும் சமயத்தில் எங்கள் ஜிம்மில் புது முகங்கள் தென்பட ஆரம்பிக்கும். சிங்கப்பூர், துபாய், ஜெர்மனி என்று பல ஊர்களிலிருந்து ஒரு மாத லீவில் வந்தவர்கள். அந்த ஒரு மாதத்துக்குள் தொப்பை கரைய வேண்டும். அதே ஒரு மாதத்தில் மதுரையில் உள்ள கறிக்கடை, பரோட்டாக்கடை ஒன்றையும் விடக் கூடாது. இரண்டும் தனித்தனியே நியாயமான ஆசைதான், ஒன்றாகச் சேரும்போதுதான் வினை. வளைகுடாவிலிருந்து லீவில் வந்து இதே கூத்தை அடித்தவன் நான். அதனால் ஒருவர் ட்ரெட்மில்லில் ஏறி நிற்கிற நிற்பைப் பார்த்தே ராத்திரி என்ன சாப்பிட்டிருப்பார் என்று ஓரளவு சொல்லிவிடுவேன்.

வார்ம் அப் பண்ணுங்கள், நல்ல ஷூ போடுங்கள், எண்ணெய்ப் பலகாரத்தைக் குறையுங்கள் என்பதையெல்லாம் ஊரே சொல்லிவிட்டது. அவற்றை விட்டுவிடுகிறேன்.

நாக்கை நம்பிச் சாப்பிடுவது

ஊர் ருசி மறப்பதில்லை. காரத்தைத் தாங்கும் பழக்கம் மறந்துவிடும். மிளகாயில் இருக்கும் கேப்சைசின், நாக்கில் டி.ஆர்.பி.வி.1 என்ற ஏற்பியைத் தூண்டுகிறது. அது சூட்டை உணர்வதற்காக உள்ள ஏற்பி, அதனால்தான் மிளகாய் 'எரிகிறது'. 1997-ல் இதை வெளிக்கொண்டுவந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தினம் மிளகாய் சாப்பிடுகிறவருக்கு இந்த உணர்ச்சி மரத்துப்போயிருக்கும். வருடக்கணக்கில் ரொட்டியும் பாஸ்தாவுமாக ஓட்டியவருக்கு அது மறுபடி முழித்துக்கொள்ளும். இதே ஏற்பி குடல் நெடுகவும் இருக்கிறது. நாக்கு நீர் விட்டுக்கொண்டு 'இன்னும் ரெண்டு துண்டு' என்று கேட்கும்போது, உள்ளே குடல் என்ன நினைக்கிறது என்பது மறுநாள் காலையில்தான் தெரியும்.

முதல் மூன்று நாலு நாள் வீட்டுச் சாப்பாடே போதும். ரசம், மோர்க்குழம்பு, இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி. அப்புறம் புளிக்குழம்பு. இரண்டாவது வாரத்தில் கறிதோசைக்கும் சுக்காவுக்கும் போகலாம். வாய் எரிந்தால் தண்ணீரை மடமடவென்று குடித்துப் பயனில்லை, கேப்சைசின் தண்ணீரில் கரையாது. தயிரோ பாலோ குடித்தால் அதிலுள்ள கேசின் என்ற புரதம் அதை இழுத்துக்கொண்டு போகும். இன்னொன்று: அம்மாவிடம் 'காரம் கம்மியா வைங்க' என்றால் மிளகாயின் விதையை மட்டும் தட்டிவிட்டுப் போடுவார்கள். காரம் அதிகம் இருப்பது விதையில் இல்லை, விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைத் தண்டில். அதைச் சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள்.

வயிற்றாலே போய்க் குறைந்த எடையைக் கொண்டாடுவது

இதற்காகத்தான் இந்தக் கட்டுரையே. வருடம் தவறாமல் யாராவது ஒருவர் இதைச் செய்கிறார், எனக்கு வருடம் தவறாமல் ஆத்திரம் வருகிறது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. எண்பது கிலோ. வந்து இறங்கிய ராத்திரியே பரோட்டா, மட்டன் சுக்கா. மறுநாள் கோலா உருண்டை, குடல் குழம்பு. அதற்கடுத்த நாள் ஜிம் பக்கம் ஆளைக் காணோம். திரும்பி வந்தபோது நேராகக் கண்ணாடி ஓரத்தில் இருக்கும் எடை மெஷினுக்குப் போனான். ஷூவைக் கழற்றினான், பெல்ட்டைக் கழற்றினான், பர்ஸையும் செல்லையும் பெஞ்சில் வைத்தான், மூச்சை வெளியே விட்டுவிட்டு ஏறினான்.

"மாஸ்டர், மூணு கிலோ இறங்கிருச்சு!"

உதடு வெடித்திருக்கிறது. கண்ணுக்குக் கீழே குழி. புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டேன், மெதுவாகத்தான் அமுங்கியது. எத்தனை தடவை போச்சு என்று கேட்டேன். "எண்ணலை மாஸ்டர், ஆனா உள்ள இருந்த கசடு எல்லாம் போயிருச்சு, உடம்பு லேசா இருக்கு" என்றான். லேசாக இருக்கிறது என்று அவன் சொன்னதற்குப் பெயர் தலைச்சுற்றல். வீட்டுக்குப் போய்ப் படு, உப்புக்கரைசல் குடி, ரெண்டு நாள் இந்தப் பக்கம் வராதே என்று அனுப்பினேன். போகிற வழியில் அத்தை வீட்டில் 'நல்லா எளைச்சுட்டியேப்பா' என்று ஆரத்தி எடுக்காத குறையாகப் பாராட்டியிருக்கிறார்கள். பையனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. சாயங்காலம் நாலு மணி வெயிலில் தெப்பக்குளத்துக்கு ஓடப் போய்விட்டான். மூன்றாவது சுற்றில் கெண்டைக்கால் இழுத்து, கண் இருட்டி, குளத்துக் கைப்பிடிச் சுவர் ஓரமாகச் சரிந்திருக்கிறான். அங்கே சுண்டல் விற்றுக்கொண்டிருந்த அம்மாதான் முகத்தில் தண்ணீர் தெளித்து, ஆட்டோ பிடித்து அனுப்பியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் பொட்டாசியம் இறங்கியிருக்கிறது என்று சொல்லி ட்ரிப்ஸ் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். பிளைட் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டதில் புது டிக்கெட் விலை, ஆஸ்பத்திரி பில், சம்பளமில்லாத லீவு. மூன்று கிலோவும் ட்ரிப்ஸ் பாட்டில் வழியாகத் திரும்பி உடம்புக்குள் போய்விட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்திருந்தாலே போதும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. மூன்று கிலோவுக்கு 23,100. எண்பது கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் ஓடினால் சுமாராக 80 கலோரி செலவாகும். அப்படியானால் மதுரையில் கிளம்பிக் கிட்டத்தட்ட விழுப்புரம் வரை ஓடியிருக்க வேண்டும். இவன் ஓடியதெல்லாம் படுக்கைக்கும் பாத்ரூமுக்கும் நடுவே. போனது தண்ணீர், சோடியம், பொட்டாசியம். ஒரு லிட்டர் தண்ணீர் போனால் ஒரு கிலோ குறையும், மெஷினுக்குத் தண்ணீரும் கொழுப்பும் ஒன்றுதான். கூடவே வயிறு சரியில்லை என்று சோற்றை நிறுத்துவார்கள். ஈரலும் தசையும் சேர்த்துவைக்கும் சர்க்கரையான கிளைக்கோஜன், கிராமுக்கு மூன்று கிராம் அளவில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறு நின்றதும் அதுவும் கரைந்து இன்னொரு கிலோ குறைந்த மாதிரி காட்டும். மறுபடி ரெண்டு வேளை சோறு சாப்பிட்டால் அது அப்படியே வந்து உட்காரும்.

இந்த நிலையில் ஓடினால் என்ன ஆகும்? ரத்தத்தில் நீர் குறைந்திருக்கும், இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கும். வியர்த்துச் சூட்டை வெளியேற்றவும் தண்ணீர் போதாது. சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் சர்வசாதாரணமாக 40 டிகிரியைத் தொடும். பொட்டாசியம் இறங்கினால் தசை இழுக்கும், இதயத் துடிப்பின் தாளமே தப்பலாம்.

ஆகவே வயிறு போகிற அன்று உடற்பயிற்சி கிடையாது. நின்ற பிறகும் ரெண்டு நாள் சும்மா இருங்கள். மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். பொடி வாங்குங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு, பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைப் பார்த்துக் கலக்குங்கள். ஓ.ஆர்.எஸ். மாதிரி டப்பாவில் விற்கும் பழரசம் வேண்டாம். பொடி கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 1971-ல் வங்கதேசத்திலிருந்து வந்த அகதிகளின் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் ட்ரிப்ஸ் தீர்ந்துபோன நேரத்தில் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துத்தான் ஏராளமான காலரா நோயாளிகளைப் பிழைக்க வைத்தார். அதனால் 'வெறும் உப்புத் தண்ணிதானே' என்று இளக்காரம் வேண்டாம். வயிற்றுக்குக் குளுமை என்று அந்த நேரத்தில் ஜிகர்தண்டா குடிப்பவர்களும் உண்டு. அவ்வளவு சர்க்கரை குடலுக்குள் இன்னும் தண்ணீரை இழுத்து, போக்கை அதிகமாக்கும்.

எல்லாவற்றுக்கும் மிளகாய் மேல் பழி போடுவதும் தப்பு. மிளகாய் வயிற்றை எரிக்கும், கலக்கும், ஆனால் காய்ச்சல் கொண்டுவராது. காய்ச்சல் இருந்தால், ரத்தம் கலந்து போனால், ரெண்டு நாளுக்கு மேல் நிற்காவிட்டால் அது கிருமி வேலையாக இருக்கலாம். டாக்டரிடம் போங்கள்.

எடையை வாரத்துக்கு ஒருமுறை, காலையில் பல் தேய்க்கும் முன் பாருங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ குறைந்தாலே நல்ல வேகம். எனக்கு எடையைவிட இன்ச் டேப் மேல்தான் நம்பிக்கை. இந்திய உடம்புக்கு ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதைத் தாண்டக் கூடாது. வயிற்றாலே போனதில் டேப்பை ஏமாற்றுவது கொஞ்சம் கஷ்டம்.

வியர்வை பெல்ட், பிளாஸ்டிக் ஜாக்கெட்

வாங்காதீர்கள்.

ராத்திரிப் பரோட்டாவைக் காலையில் ஓடித் தீர்ப்பது

கடைப் பரோட்டா ஒன்று, அளவைப் பொறுத்து 250 முதல் 350 கலோரி. சால்னா தனிக்கணக்கு. தெப்பக்குளம் ஆயிரம் அடி நீளம், 950 அடி அகலம், ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கிலோமீட்டர். ஒரு பரோட்டாவுக்கு நாலைந்து சுற்று நடக்க வேண்டும். மூன்று சாப்பிட்டவர் மத்தியானம் வரை திருமலை நாயக்கர் வெட்டிய குளத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கலாம். ரெண்டாகக் குறைப்பது சுலபம். பதினோரு மணிக்குச் சாப்பிட்டு உடனே படுத்து, அஞ்சு மணிக்கு வந்து குனிந்து நிமிர்ந்தால் நெஞ்சு எரியத்தான் செய்யும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

காரம் கொழுப்பைக் கரைக்கும் என்பது

கரைக்காது. கேப்சைசின் உடம்புச் சூட்டைத் துளி கூட்டும், அவ்வளவே. 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியிலாவது விஷயம் இருக்கிறது: கொள்ளில் புரதமும் நாரும் உண்டு, சீக்கிரம் பசிக்காது.

முதல் நாளே நூறு பஸ்கி

மச்சான் போட்டிக்கு அழைத்தான், மாமா பையன் வீடியோ எடுத்தான் என்று வந்த அன்றே நூறு, நூற்றைம்பது. மறுநாள் மாடிப்படி இறங்க முடியாது, அது பரவாயில்லை. ஆனால் பழக்கமில்லாத தசையை அளவுக்கு மீறி வேலை வாங்கினால், அதுவும் நீர் வற்றிய உடம்பில், தசை நார் சிதைந்து ரத்தத்தில் கலக்கும். சிறுநீர் கோலா பானத்தின் கருநிறத்தில் போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், சிறுநீரகம் அடிபடும். பன்னிரண்டு பஸ்கி, கொஞ்சம் ஓய்வு, இன்னொரு பன்னிரண்டு. முதல் வாரத்துக்கு இது தாராளம். நடையை அதோடு சேருங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 நிமிடம், விடிந்ததும் தினம் அரைமணி நடந்தாலே வந்துவிடும்.

'மதுரைக்காரனுக்கே காரமா?' என்று அந்நிய ஊரில் சவால் விடுவது

லீவு முடிந்து திரும்புகிறவர்களுக்கும், முதல் தடவை விமானம் ஏறுகிறவர்களுக்கும் இது. நம் நாக்கு பழகியது வதக்கி, அரைத்து, எண்ணெயில் கொதித்த வற்றல் மிளகாய்க் காரத்துக்கு. தாய்லாந்தில் ஊசி மிளகாயைப் பச்சையாக இடித்து சாலட்டில் போடுவார்கள். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் 50,000 முதல் ஒரு லட்சம் வரை போகும் மிளகாய் அது. வெறும் வயிற்றில் அதைச் சாப்பிட்டுவிட்டு ஓட்டல் ஜிம்முக்குப் போகாதீர்கள். சீனாவின் சிச்சுவான் சாப்பாடு வேறு ரகம். அங்கே மிளகாயோடு ஒரு வகை மிளகும் போடுவார்கள், அது எரிக்காது, உதட்டையும் நாக்கையும் மரத்துப்போக வைத்துச் சுறுசுறுவென்று துடிக்க வைக்கும். மரத்துப்போவதால் எவ்வளவு மிளகாய் உள்ளே போகிறது என்று தெரியாமல் சாப்பிட்டுவிடுவோம். வெள்ளைச் சோறு ஒரு கிண்ணம் சேர்த்துச் சொல்லிவிட்டு, முதல் தடவை காரம் பாதியாகப் போடச் சொல்லுங்கள். அங்கே உங்கள் ஊர் எது என்று யாரும் கேட்கப் போவதில்லை.