வேலைய குடுத்துட்டு சாவிய கையிலயே வச்சிருந்தா எப்படிங்க?

மே, ஜூன்ல கிருஷ்ணகிரி பக்கம் எந்த மாம்பழக்கூழ் ஃபேக்டரி கேட்டுக்கு போனாலும் போச்சம்பள்ளி, சந்தூர்ல இருந்து வந்த டிராக்டரும் டெம்போவும் வரிசைகட்டி நிக்கும். நான் மேனேஜரா இருந்த யூனிட்ல அந்த வரிசைக்கு பாதி காரணம் நான்தான்.

பெங்களூரா ரக மாம்பழ லோடு வந்தா எறக்கலாமா வேணாமான்னு பாக்கற பொறுப்ப சூப்பர்வைசர்கிட்ட குடுத்துட்டேன்னு நெனச்சிட்டு இருந்தேன், ஆனா கூடவே "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு எறக்குங்க"ன்னு ஒண்ணு சொல்லி வச்சிருந்தேன் பாருங்க, அங்கதான் தப்பு. நான் பெங்களூர்ல பையர் மீட்டிங்ல இருப்பேன், போன் சைலண்ட்ல கெடக்கும், அவரு நாலு தடவ அடிச்சு பாத்துட்டு உக்காந்துடுவாரு, வெயில்ல பழம் குழைஞ்சிட்டே இருக்கும், விவசாயி அவர்கிட்ட சண்டைக்கு நிப்பாரு. திட்டு வாங்கறது அவரு, முடிவு எடுக்கறது நானு.

பெரிய பதவில இருக்கற முக்காவாசி பேரு பண்ற தப்பு இதுதான். எது வரைக்கும் அவங்களே முடிவு பண்ணலாம்னு முன்னாடியே சொல்லிடணும். வெட்டிப் பாத்தா சதை மஞ்சளாயிருக்கணும், அழுகலும் அடிபட்டதும் பேசி வச்ச அளவ தாண்டக்கூடாது, இதுக்குள்ள இருந்தா எறக்குங்க, சந்தேகமா இருந்தா மட்டும் எனக்கு போன். அவ்ளோதான்.

நம்ம தகடூர் அதியமானையே எடுத்துக்கோங்க, தொண்டைமான்கிட்ட தூது போக ஔவையாரத்தான் அனுப்புனாரு. அவன் ஆயுதசாலைய காட்டுனதும், உன்னுது எல்லாம் நெய் பூசி மால போட்டு பளபளன்னு இருக்கு, எங்காளோடது முனை ஒடஞ்சு கொல்லன் பட்டறைல கெடக்குன்னு அந்தம்மா ஒரே போடா போட்டாங்க. அங்க போய் "இருங்க, ராஜாகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்"னு நின்னிருந்தா?

இதுக்கு நேர் எதிரான தப்பும் பண்ணியிருக்கேன். புதுசா சேந்த பொண்ணுகிட்ட ஏத்துமதி பேப்பர்ஸ தூக்கிக் குடுத்து "பாத்துக்கோம்மா"ன்னுட்டு போயிட்டேன். பாத்துக்கோன்னா என்னத்த பாக்கும்? 215 கிலோ நிகர எடை போட வேண்டிய எடத்துல டிரம்மோட சேந்த எடைய போட்டு வச்சிருந்துச்சு. முன்னாடி போன ஆர்டர் பேப்பர் ஒண்ண காட்டியிருந்தா போதும். அதவிட மோசம், ராத்திரி உக்காந்து சத்தமில்லாம நானே திருத்துனது. அடுத்த வாரமும் அதே தப்பு வந்துச்சு.

நல்லா வேல செய்யற ஒருத்தர் தலையிலயே எல்லாத்தையும் கட்டறதும் வேணாம், அவரு முதல்ல ராஜினாமா பண்ணுவாரு.

வேலையத்தான் குடுக்க முடியும், பதில் சொல்ற பொறுப்ப குடுக்க முடியாது. பழுக்க வைக்கற அறைய ஆபரேட்டர் பாத்துக்கலாம், ஆனா கார்பைடு கல்லு தடை, பழுக்க வைக்கற எத்திலீன் வாயு 100 பிபிஎம்ம (பத்து லட்சத்துல நூறு பங்கு) தாண்டக்கூடாதுங்கற விதி மீறப்பட்டா அதிகாரி முன்னாடி "அவனத்தான் கேக்கணும்"னு கைகாட்ட முடியாதுங்க.

அந்த "ஒரு வார்த்த"ய நான் விட்ட முதல் வாரமே சூப்பர்வைசர் ரெண்டு லோட திருப்பி அனுப்பிட்டாரு. அதுல ஒண்ணு எங்க மாமா தோட்டத்து பழம். மாமா போன்ல கத்துனாரு. "அவரு சொன்னா சொன்னதுதான் மாமா"ன்னேன். அப்புறம் ஆடிப்பண்டிகை வரைக்கும் எங்கிட்ட பேசல.